தரவரிசை 160: அங்கிதா ரெய்னாவும் ஒரு எண்ணின் கணக்கும்

2020 மார்ச் 2-ஆம் தேதி வெளிவந்த டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் தரவரிசையில் இந்திய டென்னிஸ் வீராங்கனை அங்கிதா ரெய்னாவின் பெயர் 160-ஆவது இடத்தில் இருந்தது. அவருக்கு அப்போது வயது 27. ஒற்றையரில் அவர் தொட்ட உச்சம் அதுதான். தாய்லாந்தில் 25 ஆயிரம் டாலர் போட்டி ஒன்றில் பட்டம் வென்றிருந்தார். அந்த வாரமே துபாயில் இந்திய அணியுடன், நாடுகள் அணியாக மோதும் ஃபெட் கோப்பையில் ஆடி, அணியை முதல் முறையாக உலகப் பிளே-ஆஃப் கட்டத்துக்குக் கொண்டுபோக உதவினார். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ் போட்டி ரத்தானது, பின்னாலேயே எல்லாப் போட்டிகளும் நின்றன. ஆகஸ்ட் வரை பெண்கள் டென்னிஸ் பூட்டிக் கிடந்தது.

இந்தியாவில் டென்னிஸ் என்றால் சானியா மிர்சா. 2007-இல் அவர் 27-ஆவது இடம் வரை போனார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் 160 சாதாரண எண்ணாகத்தான் தெரியும். ஆனால் அந்த 160-க்குப் போவதற்கும், போன பிறகு அங்கேயே நிற்பதற்கும் என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒரு டென்னிஸ் கண்ணில் படுகிறது. தொலைக்காட்சி காட்டாத டென்னிஸ் அது. உலகில் பெரும்பாலான தொழில்முறை வீராங்கனைகள் ஆடுவது அந்த டென்னிஸைத்தான்.

ஏணி எப்படி இருக்கிறது

தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஆடிய எல்லாப் போட்டிகளும் சேராது. ஒற்றையரில் சிறந்த முடிவுகள் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். முன்பு 16 போட்டிகள், 2024 முதல் 18. போன வருடம் இதே வாரம் வாங்கிய புள்ளி இந்த வருடம் இதே வாரம் கழிந்துவிடும். அதனால் சும்மா இருந்தால் இடம் அப்படியே இருக்காது, கீழே போகும். போன வருடம் பட்டம் வென்ற வாரத்தில் இந்த வருடம் முதல் சுற்றில் தோற்றால் சறுக்கல்தான். காயம் பட்டு ஆறு மாதம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஏணியின் அடிப்படிகளை நடத்துவது ஐடிஎஃப் என்கிற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு. டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என்று படிகள். இப்போதைய முறையில் இந்த எண் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளி. டபிள்யூ35-இல் ஐந்து ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்கினால் 35 புள்ளி. இதற்கு மேலே டபிள்யூடிஏ 125, அப்புறம் 250, 500, 1000, எல்லாவற்றுக்கும் மேலே கிராண்ட் ஸ்லாம்.

கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் வென்றால் 70 புள்ளி. அதாவது இரண்டு டபிள்யூ35 பட்டங்களுக்குச் சமம். ஒருவர் இரண்டு ஊர்களுக்குப் போய், இரண்டு வாரம் தங்கி, பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று சேர்ப்பதை, இன்னொருவர் மெல்போர்னில் ஒரு நாள் பிற்பகலில் சேர்த்துவிடுவார். பெரிய போட்டியில் போட்டி கடுமை, அதனால் புள்ளி அதிகம் என்பது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு ஆட்டத்தை ஆடவே தரவரிசையில் ஏறத்தாழ முதல் 104-க்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் தகுதிச்சுற்றைத் தாண்டி வர வேண்டும். அங்கே இருப்பவருக்கு அங்கேயே இருக்க வழி இருக்கிறது, வெளியே இருப்பவருக்கு உள்ளே வர வழி குறுகல்.

2024-இல் அந்த வழி இன்னும் கொஞ்சம் குறுகியது. அதற்கு முன்பு 25 ஆயிரம் டாலர் போட்டியின் பட்டத்துக்கு 50 புள்ளி கிடைத்தது. அதே படி இப்போது டபிள்யூ35, புள்ளி 35. பழைய டபிள்யூ100 பட்டத்துக்கு 140 புள்ளி, இப்போது 100. டபிள்யூடிஏ 125 பட்டத்துக்கு 160 இருந்தது, இப்போது 125. மேலே உள்ள 500 போட்டியிலோ 470 என்பது 500 ஆக உயர்ந்தது. அடிமட்ட டபிள்யூ15-க்கும் 10 என்பது 15 ஆனது. அடியும் உச்சியும் கொஞ்சம் ஏறின, நடுப்படிகள் தாழ்ந்தன. எண்ணையும் புள்ளியையும் ஒன்றாக்கியதில் ஒரு எளிமை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த எளிமைக்கு விலை கொடுத்தவர்கள் 120-க்கும் 300-க்கும் இடையில் இருப்பவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூறு அல்ல, 230

எல்லோரும் முதல் நூறு என்றுதான் பேசுவார்கள். உண்மையில் இந்த மட்டத்தில் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கும் கோடு சுமார் 230-இல் இருக்கிறது.

கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் 128 பேர். அதில் 104 பேர் தரவரிசைப்படி நேராக வருவார்கள், 8 பேருக்கு வைல்டு கார்டு (போட்டியை நடத்துபவர்கள் தரும் சிறப்பு நுழைவு), மீதி 16 இடம் தகுதிச்சுற்றிலிருந்து வருபவர்களுக்கு. அந்த 16 இடங்களுக்காக 128 பேர் மோதுவார்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து வெல்ல வேண்டும். காயம், விலகல் எல்லாம் போக, தகுதிச்சுற்றின் கடைசி இடம் பெரும்பாலும் 230-இலிருந்து 250-க்குள் எங்கோ முடியும்.

இப்போது பணத்தைப் பார்ப்போம். 2024 ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச்சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கு 31,250 ஆஸ்திரேலிய டாலர். ரூபாயில் ஏறத்தாழ 17 லட்சம். பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். நான்கு கிராண்ட் ஸ்லாம் தகுதிச்சுற்றிலும் ஆடி நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றால்கூட வருடத்துக்கு 80 ஆயிரம் அமெரிக்க டாலரைச் சுற்றி வந்துவிடும். மாறாக, 25 ஆயிரம் டாலர் போட்டியில் வாரம் முழுக்க வென்று பட்டம் வாங்கினால் கிடைத்தது சுமார் 4,000 டாலர். டபிள்யூ15-இல் பட்டத்துக்கே 2,500 டாலருக்குக் குறைவு. முதல் சுற்றில் தோற்றால் சுமார் 150 டாலர். அதிலும் பல நாடுகளில் வெளிநாட்டவர் என்று வரியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார்கள்.

ஆக, 225-ஆவது இடத்தில் இருப்பவருக்கு நான்கு பெரிய காசோலை உறுதி. 265-ஆவது இடத்தில் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இருவரும் அடுத்த வாரம் ஏதாவது ஒரு டபிள்யூ50-இல் மோதினால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். ஆனால் ஒருவரால் பயிற்சியாளரைக் கூட அழைத்துப்போக முடியும், இன்னொருவர் தனியாகப் போவார்.

ஐடிஎஃப் 2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தது. விமானம், தங்குமிடம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவது, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து ஒரு பெண் வீராங்கனைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 40 ஆயிரம் டாலர் செலவு என்று வந்தது. பயிற்சியாளர் சம்பளம் இதில் சேரவில்லை. வரவும் செலவும் சமமாகும் இடம் பெண்களில் 253-ஆவது தரவரிசை. தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய சுமார் 14 ஆயிரம் ஆண், பெண் ஆட்டக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த வருடம் ஒரு காசு பரிசுத்தொகைகூட வாங்கவில்லை. அதற்குப் பிறகு பரிசுத்தொகை கூடியிருக்கிறது, விமானக் கட்டணமும் கூடியிருக்கிறது. அந்த 253 என்கிற எண்ணும் தகுதிச்சுற்றின் வாசலும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய வெற்றிகள், புள்ளி பூஜ்யம்

அங்கிதா பிறந்தது அகமதாபாத்தில், 1993 ஜனவரியில். குடும்பம் காஷ்மீரைச் சேர்ந்தது. பதின்ம வயதில் புனேவுக்கு வந்து ஹேமந்த் பெந்த்ரேயிடம் பயிற்சி எடுத்தார். உயரமானவர் அல்ல, சர்வீஸில் சுலபமாகப் புள்ளி வராது. ஓடி ஓடிப் பந்தைத் திருப்பி, எதிராளியை இன்னொரு அடி அடிக்கவைத்து ஜெயிக்கும் ஆட்டம் அவருடையது. இந்த வகை ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு வெற்றியும் நேரம் பிடிக்கும், உடம்பையும் பிடுங்கும். மேல்மட்டத்துக்குப் போகப் போக அது ஒரு குறைதான். அவர் 100-க்குள் வராததற்குப் பணமும் புவியியலும் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் யாரையெல்லாம் வென்றார் என்று பார்த்தால், ஆட்டத்தில் மட்டும் குறை இருந்தது என்றும் சொல்ல முடியாது.

2018 பிப்ரவரியில் டெல்லியில் ஃபெட் கோப்பை ஆசிய-ஓசியானியா பிரிவு ஆட்டங்கள் நடந்தன. அங்கே சீனாவின் ஜு லினை வென்றார். கஜகஸ்தானின் யூலியா புதின்சேவாவை வென்றார். புதின்சேவா அப்போது உலகின் 81-ஆவது இடத்தில் இருந்தவர். அந்த வாரம் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் வெற்றி. தரவரிசையில் இதற்குக் கிடைத்த புள்ளி: பூஜ்யம். ஃபெட் கோப்பைக்கு டபிள்யூடிஏ புள்ளி தருவதில்லை. இப்போது பில்லி ஜீன் கிங் கோப்பை என்று பெயர் மாறிய பிறகும் அதே கதைதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா-பாலெம்பாங் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம். அரையிறுதியில் சீனாவின் ஜாங் ஷுவாயிடம் நேர் செட்டில் தோற்றாலும் இரண்டாவது செட் டை-பிரேக் (6-6 என்று சமமானால் ஆடும் முடிவு ஆட்டம்) வரை போனது. ஆசிய விளையாட்டில் ஒற்றையர் பதக்கம் வென்ற இந்தியப் பெண்களில் சானியாவுக்கு அடுத்தவர் இவர்தான். செய்திகளில் பெயர் வந்தது. பின்னாளில் அர்ஜுனா விருதும் கிடைத்தது. தரவரிசைப் புள்ளி? அதுவும் பூஜ்யம்.

இந்தியாவில் ஒரு வீராங்கனைக்கு வேலை, அரசு உதவி, விருது, பெயர் எல்லாம் தேசியக் கொடிக்குக் கீழே ஆடும் போட்டிகளிலிருந்துதான் வருகின்றன. உலகத் தரவரிசையோ அந்தப் போட்டிகளைக் கண்டுகொள்வதே இல்லை. ஆசிய விளையாட்டுக்கு ஒதுக்கும் வாரங்கள், முகாம், பயணம் எல்லாம் 52 வாரக் கணக்கில் வெறும் காலி இடங்கள். ஜப்பானிலோ செக் குடியரசிலோ இருக்கும் ஒரு 160-ஆவது இடத்துக்காரிக்கு இந்த இழுபறி இவ்வளவு இருக்காது. நாட்டுக்காக ஆடாமல் இருந்தாலும் அவரால் வண்டியை ஓட்ட முடியும்.

புள்ளி தரும் போட்டிகளிலும் அங்கிதா சும்மா இருக்கவில்லை. 2019 ஜனவரியில் சிங்கப்பூரில் 25 ஆயிரம் டாலர் போட்டியின் இறுதியில் நெதர்லாந்தின் அரான்சா ருஸை வீழ்த்தினார். அந்த ஏப்ரலில் சீனாவில் நடந்த 125 போட்டியில், முன்னாள் யு.எஸ். ஓபன் சாம்பியன் சமந்தா ஸ்டோசரை வென்றார். பத்துக்கும் மேற்பட்ட ஐடிஎஃப் ஒற்றையர் பட்டங்கள் அவரிடம் உண்டு. கிராண்ட் ஸ்லாம் தகுதிச்சுற்றிலும் பல முறை ஆடினார். ஆனால் அந்த மூன்று ஆட்டத்தைத் தொடர்ந்து வெல்வது மட்டும் கைகூடவில்லை.

துபாயிலிருந்து மெல்போர்னுக்கு

மிக அருகில் வந்தது 2021 ஜனவரியில். கொரோனாக் கட்டுப்பாடுகளால் ஆஸ்திரேலிய ஓபன் பெண்கள் தகுதிச்சுற்றை அந்த ஆண்டு துபாயில் நடத்தினார்கள். அங்கிதா இரண்டு ஆட்டம் வென்றார். மூன்றாவது ஆட்டத்தில் செர்பியாவின் ஓல்கா தானிலோவிச்சிடம் மூன்று செட்டில் தோற்றார். இன்னொரு செட் ஜெயித்திருந்தால் பிரதானச் சுற்று. பணத்தில் லட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம்.

தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு ‘லக்கி லூசர்’ என்று ஒரு வாய்ப்பு உண்டு. பிரதானச் சுற்றில் யாராவது கடைசி நேரத்தில் விலகினால் அந்த இடம் இவர்களில் ஒருவருக்கு. சாதாரணமாக அதே மைதானத்தில் பையோடு காத்திருப்பார்கள். அந்த வருடம் மைதானம் வேறு கண்டத்தில் இருந்தது. அதனால் தோற்றவர்களில் ஒரு சிலரைத் தனி விமானத்தில் மெல்போர்னுக்கு அழைத்துப்போய், 14 நாள் தனிமைப்படுத்தி, யாராவது விலகுகிறார்களா என்று காத்திருக்கவைத்தார்கள். அப்படிப் போனவர்களில் அங்கிதாவும் ஒருவர்.

ஒற்றையரில் அந்த இடம் அவருக்கு வரவில்லை. ஆனால் ஊரில் இருந்தார் அல்லவா, அதுதான் விஷயம். ருமேனியாவின் மிஹேலா புசார்னெஸ்குவுடன் சேர்ந்து இரட்டையர் பிரதானச் சுற்றில் இடம் கிடைத்தது. கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஆடிய ஐந்தாவது இந்தியப் பெண் ஆனார். நிருபமா மங்கட், நிருபமா வைத்தியநாதன், சானியா, ஷிகா உபராய் ஆகியோர் முன்னோடிகள். முதல் சுற்றிலேயே தோற்றார்கள், சரி. ஆஸ்திரேலிய ஓபனில் சீக்கிரம் வெளியேறியவர்களுக்காக இரண்டாவது வாரத்தில் அதே மெல்போர்ன் பார்க்கில் ‘பிலிப் ஐலண்ட் டிராஃபி’ என்று ஒரு 250 போட்டியை நடத்தினார்கள். அதில் ரஷ்யாவின் கமிலா ரக்கிமோவாவுடன் ஆடி, இறுதியில் பிளிங்கோவா-பொதாபோவா ஜோடியை வென்று பட்டத்தையே தட்டிவிட்டார். ஒரே வாரத்தில் 280 இரட்டையர் புள்ளி. முதல் முறையாக இரட்டையர் தரவரிசையில் 100-க்குள்.

அந்த ஒரு வாரத்தின் தொடர்விளைவுதான் டோக்கியோ ஒலிம்பிக். சானியா குழந்தைப் பேற்றுக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட தரவரிசையான (நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்காகக் காத்து வைக்கும் பழைய இடம்) 9-ஐ வைத்து நுழைந்தார். துணைக்கு யாரை அழைத்தாலும் அவருக்கும் ஓரளவு நல்ல இரட்டையர் இடம் இருக்க வேண்டும். அங்கிதாவிடம் இப்போது அது இருந்தது. உக்ரைனின் கிச்செனோக் சகோதரிகளுக்கு எதிராக முதல் செட்டை 6-0 என்று வென்றார்கள், இரண்டாவதில் 5-3 என்று முன்னால் இருந்தார்கள். அங்கிருந்து ஆட்டம் கைநழுவியது. டை-பிரேக்கில் ஒரு புள்ளிகூட வரவில்லை, மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் சூப்பர் டை-பிரேக் 8-10. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஆறாது.

அதே வருட விம்பிள்டனில் கலப்பு இரட்டையரில் சென்னையின் ராம்குமார் ராமநாதனுடன் ஆடினார். முதல் சுற்றில் எதிரே நின்றது சானியா-போபண்ணா ஜோடி! கிராண்ட் ஸ்லாம் வரை போராடி வந்து, வலைக்கு அந்தப் பக்கம் நம் ஊர்க்காரர்களையே பார்க்கும் அதிர்ஷ்டம்.

மெல்போர்ன் கதையைச் சும்மா அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புள்ளி கொட்டும் ஊரில் ஒரு மாதம் இருக்க முடிந்தது. செலவைப் பெரும்பாலும் போட்டியை நடத்தியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நல்ல தரவரிசை உள்ள ஜோடிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். பத்து வருடமாக வாரக்கணக்கில் அவருக்கு இல்லாதது இந்த மூன்றும்தான்.

அண்டலியாவும் அகமதாபாத்தும்

துனிசியாவின் மொனாஸ்திர், துருக்கியின் அண்டலியா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக், கிரீஸின் ஹெராக்லியான் — இந்த ஊர்களில் டபிள்யூ15 போட்டிகள் வாரம் தவறாமல் நடக்கும். ஒரே ரிசார்ட்டில் தங்கி, ஒரே மைதானத்தில் மாதக்கணக்கில் ஆடலாம். இத்தாலியிலோ ஸ்பெயினிலோ இருப்பவருக்குக் கார் ஓட்டும் தூரத்தில் டபிள்யூ35-உம் டபிள்யூ75-உம் உண்டு. தோற்றால் இரவே வீட்டுக்குப் போகலாம். நடுவில் பணம் தேவைப்பட்டால் ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் லீக்குகளில் ஆடலாம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று உறுதியான பணம். இந்த மட்டத்தில் பல ஐரோப்பியப் பெண்களின் வருட பட்ஜெட்டைத் தாங்குவது இந்த லீக் பணம்தான்.

இந்திய வீராங்கனைக்கு இதில் ஒவ்வொன்றும் விமானம், ஒவ்வொன்றும் விசா. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும். பட்டியலில் இடம் உண்டா இல்லையா என்பது கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும். விசா அலுவலகமோ இன்ன ஊர், இன்ன தேதி, இன்ன ஹோட்டல் என்று எழுதிக் கேட்கும். ஐரோப்பாவுக்கு ஒருமுறை போனால் ஆறு வாரம், எட்டு வாரம் என்று தங்கி ஆடினால்தான் டிக்கெட் காசு கட்டுப்படியாகும். மூன்றாவது வாரம் தோள்பட்டை வலித்தால் என்ன செய்வது? வலியோடு ஆடுவதா, ஓய்வெடுத்து ஹோட்டல் வாடகை கட்டுவதா?

உள்ளூரிலேயே போட்டி இருந்தால் இதில் பாதி தீரும். இருந்ததும் உண்டு. ஹைதராபாத்தில் 2003 முதல் 2005 வரை டபிள்யூடிஏ போட்டி நடந்தது. 2005-இல் சானியா தன் ஒற்றையர் பட்டத்தை வென்றது அங்கேதான். பெங்களூரில் 2008 வரை நடந்தது. அதற்குப் பிறகு அந்தத் தரத்தில் இந்தியாவில் ஒரு போட்டிகூட இல்லை, 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் 250 போட்டி வரும்வரை. நடுவில் புனேயிலும் மும்பையிலும் நடந்தவை 125 தரம். அங்கிதாவின் 15 வயது முதல் 29 வயது வரையிலான காலம் ஏறக்குறைய முழுவதும் இந்த இடைவெளிக்குள் விழுகிறது.

சென்னையில் அவருக்கு வைல்டு கார்டு கிடைத்தபோது எதிரே வந்தவர், அதே வருடம் விம்பிள்டன் அரையிறுதி வரை போன தத்யானா மரியா. ஸ்லைஸ் மேல் ஸ்லைஸாக வெட்டி, 6-0, 6-1 என்று முடித்துவிட்டார். அதே போட்டியில் இன்னொரு இந்திய வீராங்கனையான கர்மன் கௌர் தாண்டி, பிரான்ஸின் குளோயி பாக்கேயை வென்று 30 புள்ளி எடுத்தார். ஒரே ஆட்டத்துக்கு 30. டபிள்யூ35-இல் ஐந்து ஆட்டம் வென்றால் 35 என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் இதே பாதையில் இன்னும் குறைந்த வசதியோடு நடந்தவர் கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன். 1997-இல் 134-ஆவது இடம். 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்று, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று பெயர் வாங்கினார். அந்தக் காலத்தில் கைபேசியும் இணையத்தில் ஹோட்டல் போடும் வசதியும் இப்போதுபோலப் பரவவில்லை. அங்கிதாவின் 160-ஐவிட அது 26 இடம் மேலே என்பதைத் தமிழ்நாட்டிலேயே பலர் மறந்துவிட்டார்கள்.

யார் பார்க்கிறார்கள்

காலி இருக்கைகளுக்கு முன் நடக்கும் ஒரு டபிள்யூ15 முதல் சுற்றை யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். சூதாடுபவர்கள் பார்க்கிறார்கள். 2012 முதல் ஐடிஎஃப் தன் சின்னப் போட்டிகளின் நேரடி ஸ்கோரையும் தரவு நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கியது. அங்கிருந்து அது பந்தய நிறுவனங்களுக்குப் போகிறது. 2018-இல் டென்னிஸ் நேர்மை குறித்து ஆராய்ந்த சுயாதீனக் குழு, ஆண், பெண் இரு பாலரிலும் செலவை ஈட்டுமளவு சம்பாதிப்பவர்கள் 250 முதல் 350 பேர்தான் என்றும், அடிமட்டப் போட்டிகளில் பந்தயம் சார்ந்த முறைகேடு பேரலையாக இருக்கிறது என்றும் எழுதியது. அங்கே 150 டாலருக்கு ஆடும் ஒருவரின் ஒரு செட்டின் மேல் ஆயிரக்கணக்கான டாலர் கட்டப்படுகிறது. தூண்டில் எங்கே விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விலைபோகாத பெரும்பான்மையினருக்கு இன்னொரு தொல்லை. தோற்றால், பணம் விட்டவன் இன்ஸ்டாகிராமில் வந்து திட்டுவான். டபிள்யூடிஏ-வும் ஐடிஎஃப்-உம் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி 2024-இல் 458 ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்தன. அதில் 40 சதவீதம் கோபம் கொண்ட சூதாடிகளிடமிருந்து. ஜெயித்தாலும் திட்டு வரும், எதிராளி மேல் கட்டியவனிடமிருந்து.

இப்போது

அங்கிதாவின் ஒற்றையர் இடம் 2021-க்குப் பிறகு மெல்ல 200-ஐத் தாண்டிப் போனது. இரட்டையரில் பட்டங்கள் தொடர்ந்து வந்தன. இரட்டையர் ஆட்டம் இந்த வயதில் உடம்புக்கும் பர்ஸுக்கும் ஒத்துவரும் வழி; ஆனால் ஐடிஎஃப் மட்டத்தில் இரட்டையர் பரிசுத்தொகையை இருவராகப் பிரித்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

அடுத்து வந்தவர்கள் வேறு வேறு வாசல்களை முயற்சி செய்கிறார்கள். சஹஜா யமலபள்ளி அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் வழியாக வந்தார். படிப்பு, பயிற்சி, மைதானம், ஆட்டம் எல்லாம் கல்லூரிச் செலவில் கிடைக்கும் நான்கு வருடம் அது. இதை இந்தியக் குடும்பங்கள் இன்னும் அதிகமாக யோசிக்கலாம் என்பது என் கருத்து. கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் ஸ்பெயினில் நடாலின் அகாடமிக்குப் போனார். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 125 போட்டியில், 15 வயதில், தகுதிச்சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை போனார். உள்ளூரில் அந்தப் போட்டி நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் புள்ளிகளைச் சேர்க்க அவர் எத்தனை ஊர் சுற்றியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சென்னையின் 250 போட்டி 2022-க்குப் பிறகு இரண்டு ஆண்டு நடக்காமல், 2025 அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தது. இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென் பட்டம் வென்றார். அவரும் அமெரிக்கக் கல்லூரி வழியாக வந்தவர்தான். வருடத்துக்கு ஒருமுறை வரும் 250 போட்டி கண்ணுக்கு அழகு, வைல்டு கார்டுக்கும் உதவும். ஆனால் 300-இலிருந்து 230-க்குப் போக வேண்டிய பெண்ணுக்கு வேண்டியது நாலைந்து வாரம் தொடர்ச்சியாக, ரயிலில் போய்வரும் தூரத்தில், டபிள்யூ35-உம் டபிள்யூ50-உம். ஒரு 250 போட்டிக்கான செலவில் இப்படிப்பட்ட தொடர்கள் பலவற்றை நடத்தலாம். புனே, பெங்களூரு, நவி மும்பை போன்ற ஊர்களில் அப்படிச் சில நடக்கின்றன. தமிழ்நாட்டில் அவற்றை வரிசையாக நடத்த மைதானங்களுக்குக் குறைவில்லை.